மெய்நிகர் (VR) கருவியைக் கண்ணில் மாட்டிப் பார்த்தால் வேலையிடத்துச் சண்டை தீருமா?

தீர வழி உண்டு. ஆனால் கேமராவை எங்கே வைப்பது என்று மனக்குறை உள்ளவரே சொல்ல வேண்டும். முக்கூடல் பக்கம் ஒரு பீடிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் கடையில் ஓயாத சண்டை கழிவைப் பற்றியதுதான். கடை கொடுக்கும் இலையில் பெண்கள் வீட்டில் சுற்றிக் கொண்டுவரும் பீடியில் மெலிந்தது, பிரிந்தது என்று செக்கர் அண்ணாச்சி ஒதுக்குவார். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. "இலையே சொத்தையாக இருந்தால் எண்ணிக்கை எப்படி வரும்?" என்று அவர்கள் கேட்பார்கள். ஒருநாள் அவர், "நல்ல இலையை விற்றுவிட்டு வந்து பேசுகிறீர்கள்" என்று சொல்லிவிட்டார். ஓர் அக்கா வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

பொறியியல் படிக்கும் என் அக்காள் மகன் நாலாபுறமும் படம் பிடிக்கும் கேமராவும், எடுத்த இடத்திலேயே இருப்பதுபோல அந்தப் படத்தைக் காட்டும் மெய்நிகர் கருவியும் கொண்டுவந்தான். கடை வரிசையைப் படம் பிடிக்கலாம் என்றேன். அந்த அக்கா மறுத்தார். "என் வீட்டில், இலை வெட்டும்போது வையுங்கள்." அவர் தோளை ஒட்டி, தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் கேமராவை நிறுத்தினோம். கேமரா நகர்ந்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும் என்பதால் கடைசிவரை அசைக்கவில்லை.

அண்ணாச்சி கருவியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கீழே அக்காவின் மடியில் சுளகு. நனைத்த இலைக்கட்டை அவர் கை பிரிக்கிறது: ஓட்டை, ஓட்டை, கிழிசல், அப்புறம் ஒரு நல்ல இலை. ஓட்டையைத் தவிர்த்துத் தவிர்த்துக் கத்தரி வளைந்து போகிறது. அண்ணாச்சி தன்னை அறியாமல் ஓர் இலையை எடுக்கக் கையை நீட்டினார், காற்றுதான் அகப்பட்டது. கழற்றியதும் என்னைப் பார்த்து, "இந்தக் கட்டு எந்த வாரம் கொடுத்தது?" என்று கேட்டார். பேரேட்டைத் திறந்தேன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வீடிழப்பதை மெய்நிகர் கருவியில் அனுபவித்தவர்களில் 82 சதவீதம் பேர் எளியவர்களுக்கு வீடு கேட்கும் மனுவில் கையெழுத்திட்டார்கள். கதையாகப் படித்தவர்களில் 67 சதவீதம் பேர். ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வந்த கட்டுரை, கருவியால் இரக்கம் கூடுகிறது, பிறர் நிலையில் நின்று யோசிக்கும் திறன் கூடுவதில்லை என்கிறது. எங்கள் கடையிலும் அப்படித்தான். கருவி அண்ணாச்சியின் மனத்தை இளக்கியது. பேரேட்டை நடுவில் வைத்து ஒரு மணி நேரம் பேசிய பிறகுதான் வழி பிறந்தது.

அடுத்த வாரம் அண்ணாச்சி சொன்ன இடத்தில் கேமரா வைத்தோம். தலைமைக் கடையிலிருந்து திரும்பி வந்த பீடியை அவர் பெயரில் நான் பற்று எழுதும் மேஜை அது. அக்கா அதை இரண்டு தடவை பார்த்தார்.

இப்போது கட்டைப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் இலையை எடை போடுகிறோம். வீட்டுக்குள் எடுத்த படத்தை அந்த அக்காவின் கண் முன்னாலேயே அழித்துவிட்டோம்.