கிரீன் டீ மருந்தாகுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைக் கவனிப்பதுதான் என் வேலை. அதனால் கிரீன் டீ பற்றி வந்த கேள்விகளுக்கு நானே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

மேடம், கிரீன் டீயில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேட்டகின் என்ற சேர்மங்கள். அவற்றில் முக்கியமானது ஈஜிசிஜி. ஒரு மடக்கு குடித்ததும் நாக்கு வறண்டு துவர்க்கிறது இல்லையா? கேட்டகின்கள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வருகிற உணர்வு அது. இந்தப் பற்றிக்கொள்ளும் குணத்தை நினைவில் வையுங்கள். கீழே பல இடங்களில் திரும்ப வரும்.

இதிலிருந்து அங்கீகாரம் பெற்ற மருந்து ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் பூசுகிற மருந்து. பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் வெளிப்புறத்தில் எச்.பி.வி. வைரஸால் வரும் மருக்களுக்கான சினிகேட்டகின்ஸ் களிம்பு, 15 சதவீதம். 2006இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. தாவரச் சாற்று மருந்து என்ற பிரிவில் அது அனுமதித்த முதல் மருந்தே இதுதான். தினம் மூன்று வேளை, அதிகபட்சம் 16 வாரம். பூசிய இடம் சிவந்து எரிவது சகஜம். தேயிலையை அரைத்துப் பூசலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். களிம்பில் இருப்பது சுத்திகரித்து, அளவு நிர்ணயித்த சாறு.

புற்றுநோய் வராமல் தடுக்குமா?

அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. ஜப்பானின் ஒசாகியில் 40,530 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் ஐந்து கோப்பையும் அதற்கு மேலும் குடித்தவர்களிடம் இதய, ரத்தநாள நோய்களால் இறப்பு குறைவாக இருந்தது. புற்றுநோய் இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்லைக் கொல்லும் அளவு ஈஜிசிஜி, குடிப்பவரின் ரத்தத்துக்கு வந்து சேர்வதில்லை.

அமிலாய்டோசிஸுக்குப் பலன் உண்டு என்கிறார்களே, உண்மையா? அப்பாவுக்கு அந்த நோய் இருக்கிறது.

இந்தக் கேள்வியைப் படித்ததும் மனசு கனத்தது. தப்பாக மடிந்த புரதம் இதயம் போன்ற உறுப்புகளில் படிந்து கெடுக்கும் நோய் அது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த ரத்தவியல் பேராசிரியர் வெர்னர் ஹுன்ஸ்டைனுக்கே இந்த நோய் வந்தது. தினமும் நிறைய கிரீன் டீ குடித்தார். தடித்திருந்த இதயச் சுவர் மெலிந்ததைக் கண்டு, 2007இல் மருத்துவ இதழில் எழுதினார். ஆய்வகத்திலும் விளக்கம் கிடைத்தது: தப்பாக மடியும் புரதத்தை ஈஜிசிஜி பற்றிக்கொண்டு, நார் நாராகக் கோத்துக்கொள்ளவிடாமல் திசைதிருப்புகிறது. ஆனாலும் ஒருவரின் அனுபவத்தை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது. புரதம் தப்பாகத் திரளும் இன்னொரு நோயான, மூளையைப் பாதிக்கும் மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபிக்கு ஜெர்மனியில் ஈஜிசிஜி கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவு: நோயின் வேகம் குறையவில்லை, சிலருக்குக் கல்லீரல் பாதித்தது. அப்பாவின் சிகிச்சையை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். டீ குடிக்கிறார் என்றால் அதை அவருடைய டாக்டரிடம் சொல்லுங்கள்.

எடை குறைய கிரீன் டீ மாத்திரை எடுக்கிறேன் அக்கா. தொடரலாமா?

நிறுத்திவிடும்மா. எடையில் கிடைக்கும் பலன் சொற்பம், கல்லீரலுக்கு ஆபத்து நிஜம். தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜியை மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் என்சைம்கள் ஏறுகின்றன என்று 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. சிலருக்குக் கல்லீரல் பாதிக்க அதைவிடக் குறைந்த அளவே போதும், அவர்கள் யார் என்று முன்கூட்டித் தெரியாது. வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்துப் போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் போ. மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போ.

இரும்புச்சத்து மாத்திரையோடு குடிக்கலாமா?

கூடாது. கேட்டகின் இரும்பையும் பற்றிக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வேறு எந்த மருந்தோடு ஒத்துப்போகாது?

நாடலால் என்ற ரத்த அழுத்த மாத்திரை. கிரீன் டீ குடித்து வந்தவர்களின் ரத்தத்தில் அந்த மருந்து சுமார் 85 சதவீதம் குறைந்ததாக ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. குடலிலிருந்து மருந்தை உள்ளே அழைத்துப் போகும் வழியை டீ அடைத்துவிடுகிறது. அடுத்தது மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குப் போடும் போர்டிசோமிப் ஊசி. எலிகளில் ஈஜிசிஜி அந்த மருந்தையே பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்தது. உடம்புக்கு நல்லது என்று நம்பி வீட்டார் அன்போடு கொடுக்கும் கிரீன் டீ மாத்திரை, இங்கே சிகிச்சைக்கே எதிராகத் திரும்பலாம். இந்த ஊசி போட்டுக்கொள்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், கிரீன் டீ மாத்திரை எடுக்கிறாரா என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.