டயாலிசிஸ் முடிந்ததும் அப்பா துவண்டு விடுகிறாரே, ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. உலர் எடை (தேங்கிய நீரெல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடை) 60 கிலோ. வாரம் 2 முறை, 4 மணி நேர டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் 4 கிலோ ஏறித்தான் போகிறார். கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, பிரஷர் இறங்குகிறது. மறுநாளும் எழுந்திருப்பதில்லை. தண்ணீரைக் குறைத்தும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு கணக்கு. இடையில் ஏறிய 4 கிலோவும் ஏறத்தாழ 4 லிட்டர் நீர்தான். அதை 4 மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 1,000 மில்லி. அவருடைய எடையில் கிலோவுக்குச் சுமார் 17 மில்லி. இந்த வேகம் 13 மில்லிக்குள் இருப்பது நல்லது. அதாவது 4 மணி நேரத்தில் 3 லிட்டரைச் சற்றே தாண்டலாம், அவ்வளவுதான். திசுக்களில் தேங்கிய நீர் ரத்தக் குழாய்க்குள் திரும்புவதற்குள் இயந்திரம் அதைவிட வேகமாக உறிஞ்சிவிடுகிறது. பிரஷர் இறங்குவதும் கால் பிடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். அடிக்கடி இப்படி நடந்தால் இதயத் தசையும் பாதிக்கப்படும்.

தண்ணீரை மட்டும் குறைத்துப் பலனில்லாமல் போவதற்குக் காரணம் உப்பு. உடலில் தங்கும் 8 கிராம் உப்பு சுமார் 1 லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். தாகத்தையும் அதுவே கிளப்பும். நாக்கு வறண்டு கிடப்பவரிடம் குடிக்காதே என்று சொல்வது கொடுமை. ஆகவே உப்பில் கை வையுங்கள். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் வேண்டாம். இட்லி மாவில் போடும் உப்பும் கணக்கில் சேரும். இந்துப்பும் சோடியம்தான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதைத் தொடவே கூடாது. அதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் உடலில் தேங்கி இதயத்துக்கு ஆபத்தாகும்.

நீர் அளவு: முந்தைய நாள் போன சிறுநீருடன் 500 மில்லி. காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் இதில் அடக்கம். காலையிலேயே அந்த அளவை ஒரு பாட்டிலில் நிரப்பி வையுங்கள். வேறு எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது, வாரம் 3 முறை ஆக்க முடியுமா என்பது. எங்கள் கருத்தில் இதுதான் மிகப் பெரிய மாற்றத்தைத் தரும். முடியாவிட்டால் 5 மணி நேரமாக நீட்டலாம். அதே 4 லிட்டருக்கு வேகம் சுமார் 13 மில்லிக்கு இறங்கிவிடும். உலர் எடையையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பசி எடுத்துச் சதை போட்டிருந்தால் பழைய இலக்கு இப்போது தாழ்வாக இருக்கும். பிரஷர் மாத்திரையை டயாலிசிஸ் அன்று காலையில் போட வேண்டுமா, பிறகா என்பதையும் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இயந்திரத்தில் இருக்கும்போது வயிறு நிறையச் சாப்பிட்டால் பிரஷர் இன்னும் இறங்கும்.

மறுநாளும் நீடிக்கும் சோர்வுக்கு ரத்தசோகையும் காரணமாகலாம். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தால் எரித்ரோபாய்டின் (ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் மருந்து) ஊசியோடு இரும்புச்சத்து அளவையும் பார்க்க வேண்டும். இரும்பு இல்லாமல் ஊசி வேலை செய்யாது. டயாலிசிஸுக்கு முன்பு சொன்ன ‘புரதம் குறைவு’ பத்தியத்தைப் பலர் அப்படியே தொடர்கிறார்கள். அது தவறு. இப்போது அவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம் புரதம் தேவை. முட்டையின் வெள்ளைக்கரு நல்லது. ஒன்றில் சுமார் 3.5 கிராம். பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால்தான் பயன்.

பொட்டாசியத்தைக் குறைக்க, காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுச் சமையுங்கள். இளநீர் வேண்டாம்.

பிரஷர் மிக இறங்கிய நாளில் ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) ரத்தம் உறையக்கூடும். அன்று இரவும் மறுநாள் காலையும் விரல் வைத்துப் பாருங்கள். அதிர்வு இல்லையென்றால் உடனே மையத்துக்குப் போக வேண்டும். படுத்தால் மூச்சு முட்டினாலோ, கைகால் திடீரெனத் தளர்ந்து நெஞ்சு படபடத்தாலோ அடுத்த டயாலிசிஸ் தேதிக்குக் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.