பாதுகாப்பு அதிகாரி ஆகலாம், முதலில் கையில் ஒரு தொழில் வேண்டும்

களுவாஞ்சிகுடியிலிருந்து வந்து பேசிவிட்டுப் போன அம்மாவுக்கு,

அன்று பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நீங்கள் எழும்பிவிட்டீர்கள். மகன் ஏஎல் முடித்துவிட்டு 'சேஃப்டி ஒஃபிசர்' கோர்ஸ்தான் செய்வேன் என்று நிற்கிறான், காசைக் கட்டுவதா வேண்டாமா என்பதுதான் உங்கள் கேள்வி.

வேலைக்கு இடம் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலின் நேரடிச் சேதம் மட்டும் 4.1 பில்லியன் டொலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. அதில் பெரும் பங்கு வீதி, பாலம், ரயில் பாதை, குடிநீர்க் குழாய். அவற்றைத் திருத்த வெளியிலிருந்து வரும் கடன் சும்மா வராது. உலக வங்கியின் காசில் நடக்கும் வேலையென்றால், தொழிலாளருக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும், விபத்துகளைப் பதிய வேண்டும். 2018 முதல் நடைமுறையில் உள்ள நிபந்தனை இது. அதைக் கவனிக்க கொந்தராத்துக்காரருக்கு ஓர் ஆள் தேவை.

ஆனால் திட்டம் முடிந்தால் அந்த வேலையும் முடிந்துவிடும். இன்னொன்று, வேலை தெரியாதவனின் சொல்லைச் சைட்டில் யாரும் கேட்பதில்லை.

என்னிடம் படித்த தம்பி ஒருவன் கான் (வடிகால்) வெட்டுகிற இடமொன்றில் பாதுகாப்பு அதிகாரியாக நின்றான். ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம், பெக்கோ இயந்திரம் அள்ளிய மண் விளிம்பிலேயே குவிந்து கிடக்கிறது. ஒரு கன மீற்றர் மண் ஏறத்தாழ ஒன்றரை தொன். நமது கரையோர மணல் காய்ந்தால் உதிரும், அடியில் தண்ணீரும் ஊறும். மண்ணை இரண்டடியாவது தள்ளிப் போடுங்கள், பக்கத்துக்குப் பலகை முட்டுக் கொடுக்கும் வரை ஒருவரும் இறங்க வேண்டாம் என்றான். வேலையை நடத்துகிற மேசன் பாஸ் முறைத்தார், ஆனாலும் செய்தார். அதே பாஸுக்குக் கீழே ஒரு வருடம் கம்பி கட்டியவன் அவன்.

அதனால் நான் சொல்வது, முதலில் கட்டட வேலையிலோ மின் வேலையிலோ என்விகியூ 4, அதாவது தேசிய தொழிற்தகைமையின் நான்காம் மட்டச் சான்றிதழ், எடுக்கட்டும். மட்டக்களப்பு, சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் விசாரியுங்கள். நைட்டா எனப்படும் தொழிற்பயிலுநர் பயிற்சி அதிகார சபை மூலம் சைட்டிலேயே பயிலுநராகச் சேரவும் வழி உண்டு. அப்புறம் பாதுகாப்புப் படிப்புக்குப் போகலாம். அதற்கென்றே 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த தேசிய நிறுவனம் கொழும்பில் இருக்கிறது. கட்டாருக்குப் போகிற எண்ணம் இருந்தால் நெபோஷ் என்ற பிரித்தானியப் பாதுகாப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். அதைத் தமிழில் எழுத முடியாது, ஆகவே ஆங்கிலத்தை இன்றே தொடங்க வேண்டும்.

வார இறுதியில் இரண்டு நாள் வகுப்பு, கையில் சேர்ட்டிபிக்கட் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் தயவுசெய்து காசைக் கொடுத்துவிடாதீர்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன், மனம் தாங்கவில்லை. அந்த இடமும் அந்தக் கோர்ஸும் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

எங்கே சேர்ந்தாலும் அவன் பெயரில் நியமனக் கடிதம் வாங்க வேண்டும். வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934 முதலே சட்டம் இருக்கிறது, ஆனால் அங்கே வேலை செய்தான் என்று காட்ட ஒரு தாளாவது வேண்டுமே.

அடுத்த முறை மகனையே அனுப்புங்கள், ஓஎல், ஏஎல் பெறுபேறுகளின் பிரதியோடு வரட்டும். விண்ணப்பத்தை இருவருமாக இருந்து நிரப்புகிறோம்.