பெரட்டு வேறு, புரட்டு வேறு

வாசகர் கேள்வி – பதில்

நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில், தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் பாட்டியோடு வசிக்கும் 26 வயது சிறுகதை எழுத்தாளர் இம்மாதக் கேள்விகளுக்கு விடையளிக்கிறார். பகலில் இ-சேவை மையத்தில் கணினி இயக்குபவராகப் பணிபுரியும் இவர், தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கல்லூரி மாணவி, குன்னூர்: நீங்கள் எந்த நேரத்தில் எழுதுகிறீர்கள்? மலையில் வாழ்பவர்களுக்கு எழுதுவதற்கான அமைதி இயல்பாகவே வாய்த்துவிடும் அல்லவா?

சமவெளி வாசகர் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டேன். குன்னூரில் இருந்துகொண்டு நீங்கள் கேட்கிறீர்களே! நாங்கள் இருப்பது லைன் வீடு. எங்கள் அடுப்படிச் சுவருக்கு மறுபுறம் அடுத்த வீட்டின் அடுப்படி. அங்கே குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது எங்களுக்குத் தெரியும், இங்கே பாட்டி என்னை எதற்காகத் திட்டினார் என்பது அவர்களுக்குத் தெரியும். நான் அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் வரும் ஆறு மணி வரை எழுதுகிறேன். மாலையில் வேலை முடிந்து இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும், ஏனெனில் அதன் பிறகு பாதை யானைகளுக்கு உரியது. எங்களுக்கு அருகிலுள்ள தேவாலாவின் பெயரைத் தென்மேற்குப் பருவமழைச் செய்திகளில் நீங்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அந்த மாதங்களில் தகரக் கூரையின் மேல் மழை விழும் ஓசையில், எழுதியதை வாய்விட்டுப் படித்தால் என் குரல் எனக்கே கேட்காது. உரையாடலை உரக்கப் படித்துப் பார்த்துத் திருத்தும் பழக்கம் உடையவள் என்பதால், மழைக்காலத்தில் எழுதிய கதைகளில் உரையாடல் குறைந்தும் வருணனை மிகுந்தும் இருப்பதைப் பின்னர்தான் கவனித்தேன்.

வாசகர், உதகமண்டலம்: போட்டிகளில் பரிசு பெற்றவர்களின் பேட்டிகளையே எங்கும் படிக்கிறோம். நீங்கள் தோற்ற கதைகளைச் சொல்லுங்களேன்.

மகிழ்ச்சியோடு சொல்கிறேன், அந்த வகையில் என்னிடம் சரக்கு அதிகம். நான்கு ஆண்டுகளில் பதினொரு போட்டிகளுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் ஆறுதல் பரிசு கிடைத்தது. எஞ்சிய பத்தும் தோல்விதான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுத முடியாது.

முதலாவது, எழுத்துரு செய்த கூத்து. பழைய கணினி ஒன்றில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கதையைக் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, முடிவுக்காக மூன்று மாதம் காத்திருந்தேன். பட்டியலில் என் பெயர் இல்லை. பிறகொரு நாள் அதே கோப்பை என் கைப்பேசியில் திறந்தபோது, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பிறைக்குறிகளுமாக ஒரு குப்பை மேடு தெரிந்தது. பாமினி இல்லாத கருவியில் அப்படித்தான் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தமிழக அரசு 2010-ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக அறிவித்துவிட்டது. நான் வேலை பார்க்கும் மையத்தில் எல்லாப் பணியையும் ஒருங்குறியில்தான் செய்கிறேன். ஆனால் கதைக்கு மட்டும், கல்லூரி நாளில் விரல் பழகிய விசைப்பலகையையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவர் என்னை நிராகரிக்கவில்லை. அவர் என் கதையைப் பார்க்கவே இல்லை.

இரண்டாவதில் குற்றம் முழுவதும் என்னுடையது. 1,500 சொற்களுக்கு மிகக்கூடாது என்பது விதி. என் கதையில் 1,640 இருந்தன. வெட்ட மனம் வராமல், ‘வந்து கொண்டு இருந்தாள்’ என்று பிரித்து எழுதியவற்றையெல்லாம் ‘வந்துகொண்டிருந்தாள்’ என்று சேர்த்துச் சேர்த்து, ஒரு வரியைக்கூட நீக்காமல் 1,498-க்குக் கொண்டுவந்தேன். தமிழில்தான் இப்படியொரு தந்திரம் செய்ய முடியும் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன். இப்போது அந்தக் கதையைப் படித்தால், வெட்டியிருக்க வேண்டிய இடம் முதல் பத்தியிலேயே தெரிகிறது: சூரியன் உதிக்க மட்டும் 140 சொற்கள் செலவழித்திருக்கிறேன்.

எனக்கு உண்மையில் வலித்தது ஒன்றுதான். பாட்டியின் வாழ்க்கையை ஒட்டி எழுதிய கதையில் ‘பெரட்டுக்களம்’ என்ற சொல் ஏழு இடங்களில் வருகிறது. காலையில் தொழிலாளர்கள் கூடி நிற்க, கங்காணி எனப்படும் மேற்பார்வையாளர் பெயர் பதிந்து, யார் எந்த மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும் என்று பிரித்துவிடும் இடம் அது. இலங்கை மலையகத்திலிருந்து பாட்டி கொண்டுவந்த சொற்களில் ஒன்று. கையெழுத்துப் பிரதியாக அனுப்பியிருந்த அக்கதை திரும்பி வந்தபோது, ஏழு இடங்களிலும் சிவப்பு மையால் ‘புரட்டுக்களம்’ என்று திருத்தப்பட்டிருந்தது. ஓரத்தில், ‘எழுத்துப்பிழைகளைக் கவனிக்கவும், மலைப்பகுதியின் மணம் இன்னும் தேவை’ என்று ஒரு குறிப்பு. பாட்டியிடம் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, நான் விளக்கியதும், “அவுக சொல்றதும் ஒரு வகையில சரிதான் ஆயி, கங்காணி பேர் போடுறதுல புரட்டு இல்லாம இருந்துச்சா?” என்றார். அந்த ஒரு வரி கதையில் இருந்திருந்தால் ஒருவேளை பரிசே கிடைத்திருக்கும்.

மணம் தேவை என்றால் என்ன பொருள் என்று நெடுநாள் யோசித்தேன். மூடுபனியும் மலைப்பாதையும் நீலநிறமும் வேண்டும் என்பதுதான் பொருள் என்று கொண்டு, அடுத்த இரண்டு போட்டிகளுக்கு அவற்றை அள்ளித் தெளித்து அனுப்பினேன். அவையும் தோற்றன. அந்தத் தோல்விகளுக்கு நான் நன்றியுடையவள். இரண்டில் ஒன்று வென்றிருந்தாலும், இன்றுவரை பனிமூட்டம் விற்றுக்கொண்டிருப்பேன்.

வாசகர், பொள்ளாச்சி: கொழுந்து பறிப்பதையும் கதை எழுதுவதையும் ஒப்பிட்டு அழகாக ஒரு வரி சொல்லுங்கள்.

மாட்டேன். பறிப்பவர்களுக்குத் தோளும் முதுகும் வலிக்கின்றன. எனக்குக் கண் மட்டும்தான் எரிகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோத்தகிரி: ஊர்ப் பணிகளில் நீங்கள் மிகுதியாக ஈடுபடுவதாக அறிகிறேன். பேத்தி வயதுடையவர் என்ற உரிமையில் கேட்கிறேன்: எழுத வேண்டிய நேரத்தை அது தின்றுவிடாதா, அம்மா?

தின்னத்தான் செய்கிறது, ஐயா. 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அந்த ஓராண்டில் ஒரு கதைகூட எழுதவில்லை. ஆயினும் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது ஊர்ப்பணிதான் என்று சொன்னால் மிகையென்று எண்ண மாட்டீர்கள் என நம்புகிறேன். எப்படியென்று சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர். 1964-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவாயிற்று. அவர்களில் பலருக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் அரசு இங்கே தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே 1976-இல் டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொடுத்த தாளைத் தகரப் பெட்டியில் இன்றும் பூட்டி வைத்திருக்கிறவர்கள் எங்கள் வரிசையில் மூன்று பேர் உண்டு. சாதிச் சான்று, ஓய்வூதியம், பட்டா என்று எதைக் கேட்டாலும் ஒரு தாளைக் காட்ட வேண்டும், ஒரு தாளை எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவள் என்று பெயரெடுத்துவிட்டதால் அந்தத் தாள்கள் என்னிடம் வந்தன.

முதல் மனு தண்ணீருக்காக. குழாய் உடைந்து, பெண்கள் விடியற்காலையில் ஓடையில் இறங்கித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. நான் என் திறமையெல்லாம் காட்டி, ‘பொழுது புலரும் முன்னே குடமேந்திய கரங்களோடு அச்சத்தின் நிழலில் நடக்கும் எம் அன்னையர்’ என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதை எடுத்துக்கொண்டு, 70 கிலோமீட்டருக்கும் மேலான மலைப்பாதையில் பேருந்து மாறி, உதகையில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனோம். வெளியே மேசை போட்டு மனுக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் என் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு, “நல்லா எழுதியிருக்கம்மா. குழாய் எந்தத் தேதியில உடைஞ்சது? எத்தனை வீடு? ஓடை எவ்வளவு தூரம்?” என்று கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார்: “மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் உடைஞ்சதுங்க, 34 வீடு, ஒரு குடம் கொண்டுவர இருவது நிமிசம், போன வாரம் நான் குனிஞ்சு மொள்ளுறேன், அந்தாண்ட ஆனை நின்னு தண்ணி குடிக்குது, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.” நின்றபடியே அதை எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கம்தான் வந்தது. குழாய் சரியாக நான்கு மாதமாயிற்று என்பது வேறு. ஆனால் நான் எழுதிய இரண்டு பக்கத்தைவிட அந்த அரைப் பக்கம் நல்ல எழுத்து என்பதை அந்த வரிசையில் நின்றபோதே உணர்ந்தேன்.

அதன்பின் கிராம சபைக்கும் போகத் தொடங்கினேன். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானம் பதிவேட்டில் என்ன சொற்களில் ஏறுகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று அங்கேதான் கற்றேன்; ‘ஆவன செய்யப்படும்’ என்பதற்கும் ‘மார்ச்சு மாதத்துக்குள் செய்து முடிக்கப்படும்’ என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை எந்த இலக்கணப் பாடமும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழும் சில விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும் என்கிறது சட்டம். சிறுகதைப் போட்டி நடத்துவோருக்கும் இதை நீட்டித்தால் நன்றாக இருக்கும்.

வாசகி, கூடலூர்: உங்கள் பகுதியில் பணியர், குறும்பர் முதலிய பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்குப் பணியர் குடும்பப் பிள்ளைகள் நால்வர் வருகிறார்கள். தமக்குள் தங்கள் மொழியில் ஒரு கதையைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்னிடம் தமிழில் சொல்லும்போது அதில் பாதிச் சிரிப்பு காணாமற்போய்விடும். அந்தப் பாதி எங்கே போகிறது என்று தெரியாத நான் எழுதினால், அதுவும் ஒரு ‘புரட்டுக்களம்’ திருத்தமாகவே முடியும். அவர்களில் ஒருத்தி நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதுகிறாள், மறைத்துக்கொள்கிறாள், நான் கேட்கவில்லை.

ஒரு தாய், கொடைக்கானல்: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். போட்டிகளில் தோற்று மனம் சோர்ந்திருக்கிறான். என்ன சொல்லித் தேற்றுவது?

தேற்ற வேண்டாம், அக்கா. இரண்டு நாள் சோர்ந்திருக்க விடுங்கள். அனுப்பும் முன் செய்ய வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். கதையை ஒருங்குறியில் தட்டச்சு செய்து, முதலில் வேறொருவர் கைப்பேசிக்கு அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நுழைவுக் கட்டணம் கேட்கும் போட்டிகளுக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் சொந்தக் கொள்கை. விதிகளின் கடைசி வரியை அவசியம் படிக்க வேண்டும்: ‘அனுப்பப்படும் படைப்புகள் அனைத்தின் உரிமையும் எங்களையே சாரும்’ என்று இருந்தால், தோற்ற கதையையும் சேர்த்தே கேட்கிறார்கள் என்று பொருள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை எழுதியவருக்கே உரியது; அதை இன்னொருவருக்கு மாற்றித்தர எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தம் வேண்டும். மற்றபடி, இளம் எழுத்தாளர்களுக்குச் சாகித்திய அகாதெமி தரும் யுவ புரஸ்கார் விருதுக்கே 35 வயது வரை இடமிருக்கிறது. உங்கள் மகனுக்கு 17.

வாசகர், மேட்டுப்பாளையம்: பன்னிரண்டாவது போட்டிக்கு அனுப்பிவிட்டீர்களா?

சென்ற வாரம் அனுப்பினேன். வீட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால் மேல் மலையிலுள்ள தண்ணீர்த் தொட்டி வரை ஏறிப்போய் அனுப்ப வேண்டியிருந்தது. கதையில் ‘பெரட்டு’ மூன்று இடங்களில் வருகிறது. அடிக்குறிப்பு எதுவும் தரவில்லை.