வட்டி நோட்டோட கடைசிப் பக்கம்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் திருப்பூர்ல எட்டு மிஷின் போட்டு 14 வருஷம் பனியன் ஜாப் ஒர்க், அதாவது பெரிய கம்பெனிங்களுக்கு கூலிக்கு தெச்சுக் குடுக்கற வேலை, பண்ணிட்டு இருந்தோம். 2016 நவம்பர்ல 500, 1000 நோட்டு செல்லாதுன்னு சொன்னப்ப சனிக்கிழமை சம்பளம் போட முடியாம கை நடுங்குச்சு, அடுத்த ஜூலைல ஜிஎஸ்டி வந்துச்சு, அதுல தட்டுத்தடுமாறி எந்திரிக்கறதுக்குள்ள 2020 மார்ச்ல ஊரடங்கு. யூனிட்ட மூடும்போது கடன் 11 லட்சத்து 40 ஆயிரம். அஞ்சு வருஷத்துல அடைச்சு முடிச்சோம். எப்படின்னு கேட்டு நிறைய பேரு எழுதியிருக்கீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

பல்லடத்துல இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, வட்டிக்காரர் வாசல்ல நிக்கறாரு, சொந்தக்காரங்க "இருக்கறதுக்கு நன்றி சொல்லு, எல்லாம் நல்லதுக்குத்தான்"ங்கறாங்க. கேட்டாலே எரிச்சலா வருது. நீங்களும் இதத்தான் சொல்வீங்களா?

இல்ல கண்ணு. கஷ்டத்துக்கு நான் இன்னிக்கு வரைக்கும் நன்றி சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன். பையன் பசிக்குதுன்னு சொல்லாம தண்ணி குடிச்சுட்டுப் படுத்தத பாத்திருக்கேன், அதுல என்ன நல்லது இருக்கு. நான் நன்றி சொன்னது ஆளுங்களுக்கு மட்டும்தான்.

கடன் கணக்கு எழுதற நோட்டு ஒண்ணு வச்சிருந்தேன், 80 பக்க நோட்டு, முன்னாடி பக்கமெல்லாம் யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதின்னு. ஒரு நாள் ராத்திரி அத திருப்பி வச்சு கடைசிப் பக்கத்துல வேற கணக்கு எழுத ஆரம்பிச்சேன், நம்ம வீட்டுல மொய் நோட்டு வச்சிருப்போம்ல, அதே மாதிரி. மளிகைக்கடை அண்ணாச்சி ரெண்டு மாசம் பாக்கிய கேக்கவே இல்ல. வீட்டு ஓனரம்மா ஏப்ரல், மே, ஜூன் வாடகைய "அப்பறம் பாத்துக்கலாம் சாமி"ன்னு விட்டுட்டாங்க. பக்கத்து லைன் வீட்டு அக்கா தெனமும் அரை லிட்டர் பால் வாங்கி பாதிய எங்க சொம்புல ஊத்திட்டுப் போவாங்க, கதவக்கூட தட்ட மாட்டாங்க. இப்படி எழுத எழுத 23 வரி வந்துச்சு. முன்பக்கம் எல்லாம் எங்கள நெருக்கற ஆளுங்க, பின்பக்கம் எங்கள தாங்கற ஆளுங்க, ரெண்டும் ஒரே நோட்டுலதான் இருந்துச்சு, எனக்கு முன்பக்கம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுட்டு இருந்திருக்கு. மொய் வாங்கினா திருப்பிச் செய்யணும்ல, அதனால அந்தப் பக்கத்த பாத்தா எனக்கு எந்திரிச்சு வேலைக்குப் போகணும்னு தோணும். உனக்கு இப்ப நன்றி வரலன்னா விட்டுரு, வம்பா வரவைக்காத. பேர மட்டும் எழுதி வை.

அவிநாசி அண்ணா ஒருத்தர்: பாங்க் லோன், நகை லோன், கைமாத்து, வட்டிக்கு வாங்கினது எல்லாம் இருக்குதுங்க. எத மொதல்ல அடைக்கறது?

அண்ணா, எந்தக் கடன் அசிங்கமா இருக்கோ அத மொதல்ல அடைக்கத்தான் நம்ம மனசு ஓடும், நாங்களும் அதத்தான் பண்ணினோம், அது தப்பு. எந்தக் கடன் வேகமா வளருதோ அதுதான் மொதல்ல. எங்களுக்கு பாங்குல 12 சதவீதம், வெளியில 3 வட்டி. 3ங்கறது சின்ன நம்பரா தெரியும், 12 பெருசா தெரியும், ஆனா பாங்க் சொல்றது வருஷத்துக்கு, இவங்க சொல்றது மாசத்துக்கு. 3 வட்டின்னா வருஷத்துக்கு 36. ரெண்டரை லட்சத்துக்கு மாசம் 7,500, வருஷத்துக்கு 90,000, அசல்ல ஒரு ரூபா குறையாது. இத நான் 41 வயசுல நோட்டுல பெருக்கிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்த ரெண்டரை லட்சத்த அடைக்க என்னோட ஆரத்தையும் நாலு வளையலையும் வித்துட்டேன். அடகு வைக்கல, வித்தேன். அடகு வச்சா மீட்டுரலாம்னு ஒரு நம்பிக்கை இருக்கும், ஆனா வருமானமே இல்லாதப்ப வட்டி கட்டி கட்டி கடைசில நகையும் ஏலத்துக்குப் போயிரும். கடைக்காரர் வளையல தராசுல வச்சப்ப எங்க அம்மா சீட்டுப் போட்டு வாங்கினது ஞாபகம் வந்து அழுகைய அடக்க முடியல. வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல உக்காந்து ரெண்டு நிமிஷம் அழுதேன், அப்பறம் நேரா போயி பணத்தக் கட்டி எழுதிக் குடுத்த பத்திரத்த கையில வாங்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அந்த மாசத்துல இருந்து 7,500 ரூபா மிச்சம், அதுதான் மத்த கடனயெல்லாம் அடைக்க கெடச்ச மொதப் படி.

இன்னொண்ணு, பாங்குல கடன முடிக்கும்போது "குறைச்சுக் கட்டுங்க, செட்டில் பண்ணிக்கலாம்"பாங்க. வேற வழியே இல்லன்னா சரி. ஆனா சிபில்ல, அதாவது நம்ம கடன ஒழுங்கா கட்டினோமான்னு பாங்குங்க பாக்கற பதிவுல, அது "செட்டில்டு"ன்னு விழும், முழுசா கட்டினா "க்ளோஸ்டு"ன்னு விழும், நாளைக்கு லோன் கேட்டுப் போனா ரெண்டையும் ஒண்ணா பாக்க மாட்டாங்க. எப்படி முடிச்சாலும் பாக்கி இல்லன்னு எழுத்துல வாங்காம வராதீங்க.

காங்கயம் ரோட்டுல இருந்து ஒரு தம்பி: நஷ்டத்துல வாய்ப்பு இருக்குன்னு எல்லாரும் பேசறாங்க. நெசமா உங்களுக்கு என்ன வாய்ப்பு கெடச்சுதுன்னு சொல்லுங்க.

கணக்குப் போடக் கத்துக்கிட்டேன் தம்பி, அதுதான். சின்ன விஷயமா தெரியும், ஆனா கேளு.

ஒரு கம்பெனிக்கு பீஸ் 7 ரூபாய்க்கு தெச்சுக் குடுத்துட்டு இருந்தோம், வருஷக்கணக்கா. யூனிட்ட மூடினதுக்கு அப்பறம் ஒரு நாள் பழைய பில்லெல்லாம் எடுத்து வச்சு உக்காந்தேன். டைலர் கூலி 4.25, நூல் 60 பைசா, கரண்ட் 45 பைசா, செக்கிங் 50 பைசா, ஷெட் வாடகை பிரிச்சா 80 பைசா, ஆல்ட்ரேஷனும் டேமேஜும் 45 பைசா, டெம்போ 35 பைசா. கூட்டினா 7.40. ஒரு பீசுக்கு 40 பைசா கையவிட்டுப் போயிருக்கு. ஒரு நாளைக்கு 2,000 பீஸ் தெச்சா 800 ரூபா நஷ்டம். ஆர்டர் நிறைய வந்துச்சுன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓவர்டைம் போட்டு தெச்சிருக்கோம், தெக்கத் தெக்க கடன் ஏறியிருக்கு. நோட்டு செல்லாதது, ஜிஎஸ்டி, ஊரடங்கு எல்லாம் அடிச்சது உண்மைதான், ஆனா அடி விழறதுக்கு முன்னாடியே ஓட்டை இருந்திருக்கு. மிஷின் ஓடற சத்தத்துல அது எங்களுக்குக் கேக்கல.

அஞ்சு மிஷின வித்துட்டு மூணு வச்சுக்கிட்டோம், வீட்டுக்காரரு வேற கம்பெனிக்கு கட்டிங் மாஸ்டரா போயிட்டாரு, நான் பனியன் வேஸ்ட்ட கிலோ கணக்குல வாங்கி கால்மிதி போட ஆரம்பிச்சேன். எங்க மாமியார் திண்ணைல உக்காந்து துணிய ரெண்டு விரல் அகலத்துக்கு நீளமா கிழிச்சு, கலர் பாத்து மூணு மூணா சேத்து சடை பின்ற மாதிரி பின்னுவாங்க, நான் அத வட்டமா சுத்தி தெச்சுருவேன். மொத கால்மிதிய விக்கறதுக்கு முன்னாடியே துணி, நூல், கரண்ட், சந்தை சுங்கம், பஸ் சார்ஜ் எல்லாம் எழுதிட்டேன். 40 ரூபாய்க்கு வித்தா 13 ரூபா நிக்கும்னு தெரிஞ்சுதான் சந்தைக்குப் போனேன். இப்ப கொழந்தைங்க ஜட்டிக்கு ஆர்டர் வருது, ரேட் கட்டுப்படி ஆகலன்னா வேண்டாம்னு சொல்லிடறேன், முன்னாடி அந்த வார்த்த என் வாயில வந்ததே இல்ல.

ஒரு டைலர் அக்கா: 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதுல இருந்து எங்க கம்பெனில வாரத்துக்கு மூணு நாலு ஷிப்ட்தாங்க. என்ன பண்றது?

அக்கா, மொதல்ல புதுக் கடன் வாங்காதீங்க, பழைய செலவ பழைய மாதிரியே ஓட்டறதுக்காக வாங்கற கடன்தான் ரொம்ப மோசம். குழுக் கடன் தர்றவங்க வீடு தேடி வருவாங்க, ஏற்கெனவே ரெண்டு இருந்தா மூணாவதுக்கு கையெழுத்து போடாதீங்க. குடும்ப வருமானத்துல பாதிக்கு மேல எல்லா தவணையும் சேந்து போகக் கூடாதுன்னு ரிசர்வ் பாங்கே 2022ல மைக்ரோ பைனான்ஸ்காரங்களுக்கு விதி போட்டிருக்கு, நம்மளும் அதயே அளவா வச்சுக்கலாம். ஷிப்ட் இல்லாத நாள்ல பேட்லாக் மிஷினோ கட்டிங்கோ, தெரியாத ஒண்ண பக்கத்துல நின்னு கத்துக்கோங்க. ரேஷன் அரிசிய விக்காதீங்க.

சென்னைல இருந்து ஒரு தம்பி: வேலை போச்சு, லோன் ஆப்ல 30,000 வாங்கினேன், என் போன்ல இருக்கற எல்லாருக்கும் மெசேஜ் அனுப்புவோம்னு மெரட்டறாங்க. வெளிய தலை காட்ட முடியல.

தம்பி, கடன் வாங்கினது குத்தமில்ல, மெரட்டறதுதான் குத்தம். இன்னொரு ஆப்ல வாங்கி இத அடைக்கறேன்னு மட்டும் கெளம்பாத, அந்தக் குழிக்கு அடியே கெடையாது. காலைல 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் வசூலுக்கு போன் பண்ணக் கூடாதுங்கறது ரிசர்வ் பாங்க் விதி. மெசேஜ், கால் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை. மெரட்டலுக்கு 1930க்கு போன் பண்ணி சைபர் கிரைம்ல சொல்லு. ரிசர்வ் பாங்க் லைசென்ஸ் உள்ள கம்பெனியா இருந்தா 14448ல புகார் பத்தி கேக்கலாம். அப்பறம் அவங்க மெசேஜ் போறதுக்கு முன்னாடி நீயே உங்க அப்பாகிட்டயும் நாலு ப்ரெண்ட்ஸ்கிட்டயும் சொல்லிரு. நான் எங்க அண்ணங்கிட்ட சொன்ன அன்னிக்குத்தான் எட்டு மாசம் கழிச்சு முழுசா தூங்கினேன்.

பேர் போட வேண்டாம்னு ஒருத்தங்க: எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்னு தோணுது.

உங்களுக்குத்தான் இத மொதல்ல எழுதியிருக்கணும். இப்பவே 14416க்கு போன் பண்ணுங்க, அது அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கெடையாது, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசுவாங்க. 104க்கும் பண்ணலாம். இன்னிக்கு ராத்திரி தனியா படுக்காதீங்க, வீட்டுல யாரையாவது பக்கத்துல இருக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு ஒரு நாள் இப்படித்தான் உக்காந்திருந்தாரு, நான் அவர் கைய விடவே இல்ல. அந்த 11 லட்சம் இன்னிக்கு இல்ல, அவரு இருக்காரு. உங்க கணக்க எனக்கு அனுப்புங்க, சேந்து பாக்கலாம்.

தாராபுரம் தங்கச்சி: பையன பிரைவேட் ஸ்கூல்ல இருந்து கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாத்தணும். குத்த உணர்ச்சியா இருக்கு அக்கா.

எனக்கும் இருந்துச்சு. 2020ல எங்க பையன் ஆறாவது, பீஸ் கட்ட முடியாமத்தான் மாத்தினோம். இப்ப பதினொண்ணாவது. அப்ப எனக்குத் தெரியாது, நீ தெரிஞ்சுக்கோ: ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பசங்களுக்கு மெடிக்கல்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020லயே வந்துருச்சு, அடுத்த வருஷம் இன்ஜினியரிங்குக்கும் வந்துச்சு. காலேஜ் போனா பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன்னு அரசாங்கத் திட்டம் இருக்கு, மாசம் 1,000 ரூபா. அதனால மாத்தறதுன்னா ஆறாவதுலயே மாத்திரு, எட்டுல மாத்தினா இதுல பலதும் கெடைக்காது. எங்க பையனோட கணக்கு வாத்தியார் சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் இருந்து சொல்லிக் குடுப்பாரு, அவரு பேரும் என் பின்பக்கத்துல இருக்கு.

பேராவூரணி பக்கம் இருந்து ஒரு பெரியவர்: 2018 கஜா புயல்ல தென்னை எல்லாம் சாஞ்சு போச்சும்மா. மொய் விருந்து வைக்கச் சொல்றாங்க, வைக்கலாமா?

ஐயா, உங்க பக்கம் ஆடி ஆவணில நடக்கற அந்த விருந்த பத்தி எனக்கு ரொம்ப மரியாத உண்டு, வட்டி இல்லாம ஊரே ஒருத்தர தூக்கி விடற ஏற்பாடு அது. ஆனா வர்றது எல்லாம் திரும்பச் செய்ய வேண்டிய பணம், ஒவ்வொரு வருஷமும் விருந்துக்கு விருந்து போயி எழுதணும். அதனால அந்தப் பணம் வருமானம் தர்றதுக்குப் போகணும், புதுக் கன்னு காய்க்கற வரைக்கும் ஊடுபயிரோ மாடோ போர்வெல்லோ, எதுக்குன்னு மொதல்லயே எழுதி வச்சுட்டு விருந்து வைங்க. கல்யாணச் செலவுக்கு எடுத்தா திருப்பிச் செய்யும்போது கஷ்டப்படுவீங்க.

ஈரோட்டுல இருந்து ஒரு அக்கா: அந்தப் பின்பக்கத்துல இன்னும் பாக்கி இருக்கா?

ஒண்ணு இருக்குங்க. ஒடிசால இருந்து வந்த பையன், ஓவர்லாக் ஓட்டினவன். 2020 மே மாசம் ஊருக்கு ஸ்பெஷல் ட்ரெயின் விட்டாங்கல்ல, அதுல போனான், அவனுக்கு 4,200 ரூபா சம்பள பாக்கி. என் கையில அன்னிக்கு 600 ரூபாதான் இருந்துச்சு, வழிச் செலவுக்குன்னு 300 குடுத்தேன், அது கணக்குல சேராது. "அப்பறம் குடுங்க அக்கா"ன்னுட்டு போயிட்டான். மறுநாள் ஷெட்ட தொறந்து பாத்தா அவன் மிஷின தொடச்சு, எண்ணெய் விட்டு, ஊசிய கழட்டி பேப்பர்ல மடிச்சு வச்சு, மேல பழைய துணி போட்டு மூடி வச்சிருந்தான். வித்த அஞ்சுல அந்த மிஷின் இல்ல, அதுலதான் இப்ப நான் தெக்கறேன். 2022ல பணம் சேந்ததும் கூப்பிட்டேன், நம்பர் உபயோகத்துல இல்லன்னு வந்துச்சு. அவங்கூட தங்கியிருந்த பசங்க நாலு பேருகிட்ட கேட்டுட்டேன், ஒருத்தன் போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப விசாரிக்கறேன்னான். பணம் கவர்ல போட்டு அந்த மிஷின் டிராயர்லயே இருக்கு.