சர்வருக்கு ஏன் லினக்ஸ்? கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சார், சர்வர் என்றாலே லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் என்கிறார்கள். ஓசியில் கிடைப்பதால்தானே?

பதில்: ஓசி பாதிக் காரணம்கூட இல்லை. பெரிய நிறுவனங்கள் லினக்ஸ் தரும் ரெட் ஹேட் நிறுவனத்துக்கு வருடா வருடம் சந்தா கட்டித்தான் ஓட்டுகின்றன. லைசென்ஸ் கணக்குதான் தலைவலி. சொந்த சர்வரில் விண்டோஸ் சர்வர் போட்டால் பிராசஸருக்குள் இருக்கும் கோர் (வேலை செய்யும் பகுதி) எண்ணிக்கைப்படி லைசென்ஸ். ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். பயன்படுத்தும் ஊழியர்களுக்குத் தனிக் கணக்கு. கிளவுடில் எடுத்தால் வாடகையோடு அந்தக் காசும் ஏறும். டெபியன் என்ற இலவச லினக்ஸில் இந்தப் பேச்சே கிடையாது. தீபாவளி விற்பனைக்கு இன்னும் 40 சர்வர் வேண்டுமா, ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றலாம். யாரையும் கேட்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, சூப்பர் கம்ப்யூட்டரிலும் இதுதானா?

பதில்: ஆமாம் தம்பி. உலகின் அதிவேக சூப்பர் கம்ப்யூட்டர்களின் டாப் 500 பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து 500-ம் லினக்ஸ்தான்.

கேள்வி: லினக்ஸின் நிரலை யாரும் பார்க்கலாமாமே? எல்லோர் கண்ணிலும் பட்டால் திருடன் கண்ணிலும் படுமே?

பதில்: படும். ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், அதனால் பத்திரம் என்று சொல்வதை நான் நம்புவதில்லை. இணையத் தொடர்பைப் பூட்டிப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டை 2012-இல் புகுந்தது; 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. ஆனால் 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் வேகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து சர்வருக்குள் போகும் வழியான எஸ்எஸ்ஹெச் மூலம் உள்ளே நுழைய அரை நொடி கூடுதலாக ஆவது உறுத்தியது. தோண்டிக்கொண்டே போனார். எக்ஸ்இசட் என்ற சுருக்குமென்பொருளில், இரண்டு வருடத்துக்கு மேல் நல்லபிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை பெற்ற ஓர் ஆள் கள்ளக்கதவு வைத்திருந்தார்! பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேருவதற்குள் பிடிபட்டது. நிரல் கையில் இல்லாத மென்பொருளில் அந்த அரை நொடியைக் கண்டாலும், அவ்வளவு தூரம் தோண்டியிருப்பது கஷ்டம்.

கேள்வி: ரெட் ஹேட் லினக்ஸின் இலவச வடிவமான சென்டோஸ் 8-ஐ நிறுத்தியது போல மற்றதையும் நிறுத்தினால்?

பதில்: 2029 வரை வரும் என்றிருந்ததை 2021 இறுதியோடு முடிப்பதாக 2020 டிசம்பரில் ரெட் ஹேட் அறிவித்தது. கோபம் நியாயமானதுதான். ஆனால் 2021-க்குள்ளேயே அதன் இடத்துக்கு அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்துவிட்டன. நிரலும் உரிமமும் திறந்திருந்ததால் முடிந்தது.

கேள்வி: ஐயா, எங்கள் ஜவுளிக்கடையில் டாலி கணக்கு மென்பொருள் ஓடுகிறது. லினக்ஸுக்கு மாற்றிவிடவா?

பதில்: வேண்டாம். டாலி விண்டோஸுக்காகச் செய்தது. அது பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும். கடைக்கு வெப்சைட் வேண்டுமென்றால் சின்னதாக ஒரு விபிஎஸ் (பெரிய சர்வரில் வாடகைக்கு ஒரு பங்கு), அதில் உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட காலம் அப்டேட் வரும் லினக்ஸ்), வெப்சைட்டைப் பரிமாறும் என்ஜின்எக்ஸ் போதும். அப்புறம், பேக்கப்பை அதே சர்வரில் வைக்காதீர்கள்.