பயிற்சி விமானம் 'ஸ்டால்' ஆகி விழுந்தது என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

இறக்கை, விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் திறனைச் சட்டென்று இழப்பதுதான் ஸ்டால். இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி வழுக்கிப்போன காற்று பிய்த்துக்கொண்டு சுழல ஆரம்பிக்கும், தூக்குவிசை சரியும்.

ஓடும் காரின் ஜன்னலுக்கு வெளியே கையைத் தட்டையாக நீட்டி, முன்விளிம்பை லேசாக உயர்த்தினால் கை மேலே எழும்பும். இன்னும் நிமிர்த்தினால் எழும்பாது, பின்னால்தான் தள்ளப்படும். (சோதிக்க வேண்டாம், நினைத்துப் பார்த்தால் போதும்.)

கற்றுக்கொள்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது, இறங்குவதற்கு முந்தைய கடைசித் திருப்பத்தில். ஓடுபாதையைத் தாண்டிப் போய்விடுவோமோ என்ற பதற்றத்தில் விமானத்தை அதிகம் சாய்த்து, கட்டுப்பாட்டுக் கோலைத் தன் பக்கம் இழுப்பார்கள். 60 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் திரும்பினால், ஸ்டால் ஆகாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் சுமார் 40 சதவீதம் கூடிவிடும். சரி, மீள்வது எப்படி? மூக்கைத் தாழ்த்தினால் இறக்கை மறுபடி காற்றைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு உயரம் வேண்டும். அங்கே இருப்பதோ சில நூறு அடிதான். தரை எதிரே வரும்போது கோலை முன்னே தள்ள யாருக்கு மனம் வரும்?

கார் ஸ்டால் ஆனால் இன்ஜின் நின்றுவிட்டது என்று அர்த்தம். விமானத்தில் அப்படியில்லை, இன்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டால் ஆகலாம்.